குனிந்து நோக்கும் கருவி

எழுத்தும் சொல்லும் கற்பிப்பதிலேயே முப்பத்து நான்கு ஆண்டுகளைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். சுண்ணக்கட்டி பிடித்துப் பழகிய என் விரல்களுக்கு வேறு கருவி எதுவும் இணங்காது என்று வீட்டார் நகையாடுவதுண்டு. அந்நகையாட்டில் உண்மை இல்லாமலும் இல்லை. கைப்பேசியில் பேரனைப் படமெடுக்க முயன்று, என் கட்டைவிரலையே பன்முறை படமெடுத்தவன் நான். அத்தகைய என் கையில், அறுபத்து நான்காம் அகவையில், ஓர் ஆடித் திங்களில், பழைய ஒளிப்படக் கருவி ஒன்று வந்து சேர்ந்தது.

அது என்னோடு ஒரே பள்ளியில் பணியாற்றிய ஓவிய ஆசிரியருடையது. பள்ளியின் ஆண்டு விழாவாயினும், மாணவர் சுற்றுலாவாயினும் அக்கருவி அவர் மார்பில் தொங்கும். ‘என் தமையனார் தறியில் அமர்ந்து நெய்வதை ஒரு படம் எடுத்துத் தாருங்கள்’ என்று ஆண்டுதோறும் அவரை வேண்டுவேன். ‘அடுத்த விடுமுறையில் எடுப்போம்’ என்பார். அடுத்த விடுமுறைகள் பல வந்தன, சென்றன. அவர் மறைந்து சில திங்கள் கழிந்தபின் அவருடைய மகளார் என் இல்லம் தேடி வந்தார். ‘ஐயா, அந்தப் படத்தை நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டுமாம், அப்பா சொல்லச் சொன்னார்’ என்று கூறித் தோலுறையோடு கருவியை என்னிடம் தந்தார். கடனைத் தீர்க்க இப்படியும் ஒரு வழி உண்டு போலும்!

யாஷிகா மாட் 124ஜி என்பது அதன் பெயர். சப்பான் நாட்டில் 1970 முதல் 1986 வரை செய்யப்பட்டது. செருமனியின் பிரௌன்சுவைக் நகரில் 1929-இல் வெளிவந்த ரோலிபிளெக்ஸ் என்னும் கருவியே இவ்வினத்தை உலகெங்கும் பரப்பியது. அதனைப் பார்த்துப் பிற நாட்டார் செய்தவை பல. அவற்றுள் இதுவும் ஒன்று. உருவத்தில் இது ஒரு சிறு பெட்டி. அதன் முகத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வில்லைகள், இரண்டு கண்கள்போல் விழித்துக்கொண்டிருக்கும். மேற்கண் நமக்கு, கீழ்க்கண் படச்சுருளுக்கு. மேல் வில்லையின் பின்னே சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கிறது. உள்ளே வரும் ஒளியை அது மேல்நோக்கித் திருப்பி, பெட்டியின் தலைப்பில் பதித்துள்ள தேய்த்த கண்ணாடியில் உருவமாக விழச்செய்கிறது. அந்தத் தேய்த்த கண்ணாடியைத்தான் நாம் நோக்க வேண்டும்.

ஆதலின் ஏனைய கருவிகளைத் துப்பாக்கிபோல் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிப்பதுபோல இதனைப் பிடித்தல் ஆகாது. மார்போடு அணைத்து, தலைகுனிந்து, உள்ளே எட்டிப் பார்த்தல் வேண்டும். கிணற்றில் வானம் தெரிவதுபோல் அச்சிறு சதுரத்தில் உலகம் தெரியும். முதன்முதல் நான் அதில் கண்டது எங்கள் வீட்டு முற்றத்துக் கொடிக்கயிறும் அதில் உலர்ந்த வேட்டியுமே. நாள்தோறும் காணும் வேட்டிதான். ஆனால் அன்று அதனை ஏறத்தாழ கால் நாழிகை பார்த்துக்கொண்டு நின்றேன். ‘வேட்டி பறந்துவிடாது, உணவுண்ண வாருங்கள்’ என்று மனைவியார் அழைத்த பின்னரே நிமிர்ந்தேன்.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கண்ணாடியில் விழும் உருவம் தலைகீழாய் இராது. ஆனால் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறித் தெரியும். வலப்புற விளிம்பில் தோன்றும் கோபுரத்தை நடுவே கொணர விரும்பி நான் வலப்புறம் திரும்பினால், அது மேலும் விலகி ஓடிவிடும். இடப்புறம் திரும்பினாலே நடுவுக்கு வரும். ஆறு நாட்கள் தெருவில் நின்று இதனைப் பழகினேன். தமிழாசிரியர் ஐயா ஒரு பெட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டு தம்மைத் தாமே சுற்றிச் சுற்றி வருகிறார் என்று தெருச் சிறுவர்கள் பேசிக்கொண்டனர்.

இக்கலையைக் குறிக்கும் சொல்லைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என மூன்று சொற்கள் நம்மிடையே வழங்குகின்றன. புகைக்கும் படத்துக்கும் என்ன தொடர்பு என்று வகுப்பில் மாணவர் கேட்கும்போதெல்லாம் நான் இடர்ப்பட்டிருக்கிறேன். நிழலால் ஆனதா ஒளியால் ஆனதா என்ற வழக்கும் இருந்தது. படச்சுருளைக் கழுவி முதற்கண் பார்த்தபோது அவ்வழக்கு எனக்குத் தீர்ந்தது. ஒளி பட்ட இடமெல்லாம் அதில் கருமையாயும், நிழல் விழுந்த இடமெல்லாம் தெளிவாயும் இருந்தன. இரு சொற்களும் சரியே. புகையைப் பற்றி மட்டும் இன்றும் என்னால் விடை கூற இயலாது.

இனிப் படச்சுருளுக்கு வருவோம். பலரும் அறிந்த 35 மில்லிமீட்டர்ச் சுருளில் ஒரு படத்தின் அளவு 24-க்கு 36 மில்லிமீட்டர். இக்கருவியிலோ பக்கம் ஏறத்தாழ 56 மில்லிமீட்டர் கொண்ட சதுரம். மாணவர்களே, இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்; பரப்பில் மூன்றரை மடங்குக்கு மேல் வரும். பரப்பு மிகுந்தால் நுண்மையும் மிகும். ஓலைச்சுவடியில் பொடி எழுத்தாய் எழுதியதற்கும் கல்லில் அகல வெட்டியதற்கும் உள்ள வேறுபாடு இது. இச்சுருளை 1901-இல் கோடக் நிறுவனத்தார் முதன்முதல் விற்பனைக்குக் கொணர்ந்தனர். 120 என்பது அவர்கள் இட்ட எண், அளவைக் குறிப்பதன்று. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதே எண்ணுடன் அது இன்றும் கிடைக்கிறது.

நம் நாட்டிலும் இச்சுருள் செய்யப்பட்டது. உதகமண்டலத்தில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் 1960-இல் நிறுவப்பெற்று, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அங்குச் செய்த சுருளுக்கு ‘இந்து’ என்று பெயரிட்டனர். இந்து என்பது திங்களைக் குறிக்கும் வடசொல். வெள்ளியின் உப்பைப் பூசிச் செய்யும் பொருளுக்கு வெண்மதியின் பெயர்! பெயரிட்டவர் யாராயினும் அவர் சொல்லின் சுவை அறிந்தவர். அவ்வாலை இன்று இயங்கவில்லை. ஓவிய ஆசிரியரின் தோலுறைக்குள் ‘இந்து’ அட்டைப்பெட்டி ஒன்று வெறுமையாய்க் கிடந்தது. அதனை எறிய மனம் வரவில்லை. என் கண்ணாடி துடைக்கும் துணியை இப்போது அதில் வைத்திருக்கிறேன்.

ஒரு சுருளில் பன்னிரண்டு படங்கள், அவ்வளவே. பன்னிரண்டும் முடிந்து கழுவும்வரை ஒன்றையும் பார்க்க இயலாது. நான் வாங்கிய சுருளின் விலைக்கு எங்கள் இல்லத்தில் ஒரு கிழமைக்குக் காய்கறி வாங்கலாம். ஆதலின் ஒவ்வொரு முறையும் விசையை அழுத்தும் முன்னர், வெண்பா எழுதுவோன் ஈற்றடியின் சீரை எண்ணுவதுபோல் எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று.

ஒளியின் அளவைக் காட்ட இக்கருவியிலேயே ஓர் அளவி உண்டு. ஆனால் அதற்குரிய பாதரச மின்கலம் இன்று செய்யப்படுவதில்லை. ஆகவே பழையோர் கையாண்ட ஒரு வாய்பாட்டைக் கற்றுக்கொண்டேன். நல்ல வெயிலில் வில்லையின் துளையை 16 என்னும் எண்ணில் வைத்தால், சுருளின் விரைவு எண் எதுவோ அதன் ஒரு பங்கு நொடி நேரம் ஒளியை உள்ளே விடலாம். என் சுருளின் எண் 100. கருவியில் அதற்கு அண்மையான எண் 125. எனவே, நொடியில் 125-இல் ஒரு பங்கு. நம் இலக்கண நூலார் ஒலியின் கால அளவை மாத்திரை என்றனர். கண்ணிமைக்கும் பொழுது, கைந்நொடிக்கும் பொழுது என்று அதற்கு அளவும் கூறினர். குற்றெழுத்துக்கு ஒன்று, மெய்க்கு அரை, மகரக்குறுக்கத்துக்குக் கால். காலுக்குக் கீழே அவர்கள் செல்லவில்லை. இக்கருவியின் இமை திறந்து மூடும் பொழுதுக்கு நம்மிடம் பெயரில்லையே என்று அன்றிரவு நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். தமிழாசிரியனுக்கு ஓய்வு ஏது?

ஆவணித் திங்களில் ஒரு நாள் விடியலில் முதற்சுருளோடு கயிலாசநாதர் கோயிலுக்குச் சென்றேன். எங்கள் பிள்ளையார்பாளையத்திலிருந்து அது நடக்கும் தொலைவே. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எழுப்பிய அக்கற்றளியை நான் எத்தனை முறை கண்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. மாணவர்களை அணிவகுத்து அழைத்துச் சென்று, ‘இது மணற்கல், அது சிங்கத்தூண், சுற்றிலும் உள்ள சிறு கோயில்கள் 58’ என்று ஒப்பித்தவன் நான். ஆனால் அன்று வரை அங்கே வெயில் எவ்வாறு வருகிறது என்பதைக் கவனித்தவனல்லன். கதிரவன் எழுந்து சற்று நேரத்தில் ஒளி பக்கவாட்டில் சாய்ந்து சிற்பங்களைத் தொடும். அப்போது சிங்கத்தின் பிடரிமயிர் ஒவ்வொன்றும் தனித்தனியே எழுந்து நிற்கும். கதிரவன் உச்சிக்கு ஏறினாலோ எல்லாம் தட்டையாகி, வெறுஞ்சுவர்போல் தோன்றும். சிற்பம் முழுமையாய்த் தெரியும் பொழுது நாளில் ஒரு நாழிகையோ இரண்டு நாழிகையோதான். நான் மாணவர்களை அழைத்துச் சென்றதெல்லாம் நண்பகலில்!

அன்று ஒன்பது படங்கள் எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. முக்காலி நிறுத்துவதற்குத் தொல்லியல் துறையின் இசைவு வேண்டும் என்பதால் கையில் ஏந்தியே எடுத்தேன். இடையிடையே, நமக்கு முன்னே இந்நாட்டுக் கோயில்களைப் படமெடுத்த ஒருவரை நினைந்துகொண்டேன். லின்னியசு டிரைப் என்பார் ஆங்கிலப் படைத்தலைவர். 1856-இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டவர். 1858-இல் அவர் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 படிகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அவர் காலத்தில் சுருள் இல்லை. மெழுகேற்றிய தாளில் படம் எடுத்தார். எங்கள் பள்ளியில் கல்வெட்டைப் படியெடுக்க மாணவர்க்கு ஒரு பகல் கொடுத்தால் பாதியில் சலித்துவிடுவர். அவரோ அவ்வளவு நீளத்தையும் பதிவு செய்தார்.

கயிலாசநாதரை விட்டுத் தமையனார் இல்லம் சென்றேன். எஞ்சிய மூன்று படங்களும் அவருக்கு உரியவை.

இங்கே என் வீட்டுச் செய்தியைச் சிறிது கூறுதல் வேண்டும். நாங்கள் நெசவாளர் குடும்பம். காஞ்சிப் பட்டில் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமும் வரும்படி நெய்வதற்குக் கோர்வை என்று பெயர். உடலின் ஊடையிழையும் கரையின் ஊடையிழையும் ஒவ்வொரு முறையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். ஒரு முறை பற்றத் தவறினாலும் அவ்விடத்தில் பிளவு விழும். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். தறியில் இருவர் அமர வேண்டும். எந்தையார் நெய்ய, அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து கோர்வை நாடாவை எறிந்தவன் நான். அப்போது எனக்கு எட்டு அகவை. விடியலில் எறிந்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுவேன். மாலையில் வந்து மறுபடியும் அமர்வேன். பத்தாம் அகவையில் என் தமையனார் என்னைத் தறியிலிருந்து எழுப்பிவிட்டார். எட்டாம் வகுப்போடு தம் படிப்பை நிறுத்திக்கொண்டு, ‘தம்பி படிக்கட்டும், நான் அமர்கிறேன்’ என்றார். அவ்வொரு சொல்லால்தான் நான் நன்னூல் கற்றேன். அவர் இன்று எழுபதைத் தாண்டியும் அதே குழித்தறியில் அமர்ந்திருக்கிறார். கோர்வைப் பக்கத்தில் அமர்பவர் அண்ணியார். பிள்ளைகள் வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டனர். ‘கண் மங்கிவிட்டது, அப்பா; தறியை நிறுத்திவிடுங்கள்’ என்று மகன் வரும்போதெல்லாம் கூறுவான். ‘என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை’ என்பது அவருடைய மாறாத விடை.

மூன்று படங்களையும் எடுத்தேன். சுருளைச் சென்னைக்குக் கொண்டுசென்று, தம் வீட்டிலேயே இருட்டறை வைத்திருக்கும் ஓர் இளைஞரிடம் கொடுத்தேன். கயிலாசநாதர் படங்களுள் ஏழு நன்கு வந்திருந்தன. ஒன்றில் விமானம் சாய்ந்திருந்தது. ஒன்றில் யாரோ ஒருவரின் குடை குறுக்கே வந்திருந்தது. தறியின் மூன்று படங்களோ வெறுமையாகவே இருந்தன என்று கூறலாம். வெயிலில் நின்ற கண்ணுக்குத் தறிவீடு அவ்வளவு இருளாகத் தோன்றவில்லை. கண் தன்னைச் சரிசெய்துகொள்ளும், சுருள் சரிசெய்துகொள்ளாது. ‘இந்த வெளிச்சத்துக்கு அரை நொடியாவது திறக்க வேண்டும், ஐயா, முக்காலி இல்லாமல் முடியாது’ என்றார் அவ்விளைஞர். எனக்கு மிகவும் வருத்தமாயிருந்தது. தம் கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று கூறும் மனிதர், அறுபது ஆண்டுகளாக எத்தகைய இருளில் அமர்ந்து நெய்திருக்கிறார் என்பதை அந்த வெற்றுச் சதுரங்களே எனக்குக் காட்டின.

புரட்டாசியில் இரண்டாம் சுருளோடும் கடன் வாங்கிய முக்காலியோடும் சென்றேன். ‘அண்ணா, அரை நொடி அசையாமல் இருக்க வேண்டும்’ என்றேன். அவர் நாடாவைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். ‘அசையாமல் இருந்தால் அது நெய்வதா, தம்பி? கல்யாண வீட்டில் எடுப்பதுபோல் எடுக்க வேண்டுமென்றால் மாடத்தெருவில் கடை இருக்கிறதே’ என்றார். அண்ணியார் வாய்பொத்திச் சிரித்தார். நான் ஒன்றும் கூறாமல் குனிந்துகொண்டேன். தேய்த்த கண்ணாடியில் அவர் இடமாகவும் அண்ணியார் வலமாகவும் மாறி அமர்ந்திருந்தனர். எந்தையாரின் இடத்தில் நான் இருப்பதுபோலவும் என் இடத்தில் எந்தையார் இருப்பதுபோலவும் ஒரு மயக்கம் ஒரு கணம் தோன்றி மறைந்தது. மிதி இறங்கியது, நாடா ஓடியது, பலகை இடித்தது. அந்த இடிக்கும் மறு இடிக்கும் நடுவே விசையை அழுத்தினேன். பத்துப் படங்கள் அவ்வாறு எடுத்தேன்.

நண்பகலில் அவர்கள் உணவுக்கு எழுந்தனர். தறி தனியே இருந்தது. எஞ்சிய இரண்டு படங்களை அதற்கே கொடுக்கலாம் என்று தோன்றியது. கருவி எட்டும் அளவுக்கு நெருங்கி, முக்காலியைத் தாழ்த்தி, நெய்த துணியின்மேல் வில்லையைத் திருப்பினேன். துளையைச் சுருக்கி, பத்து எண்ணும் வரை திறந்துவைத்தேன். அசைவதற்கு அங்கு யாரும் இல்லை.

இம்முறை இளைஞர் என்னை இருட்டறைக்கு உள்ளேயே அழைத்துச் சென்றார். சிவப்பு விளக்கின் மங்கலில் வெள்ளைத் தாளை ஒரு தட்டில் இட்டு, நீர்மத்தை மெல்ல அசைத்தார். முதலில் ஒன்றும் இல்லை. பின்னர் ஒரு கருமை. பின்னர் அச்சின் கோடு. பின்னர் தமையனாரின் நெற்றி. ஐம்பது ஆண்டுகள் கற்ற நூல்களில் எத்தனையோ வியப்புகளைப் படித்திருக்கிறேன். வெற்றுத் தாளிலிருந்து ஒரு முகம் தானே எழுந்து வருவதைக் கண்ணால் கண்டது அன்றுதான். அவர் அதன் செயலையும் விளக்கினார். படச்சுருளிலும் தாளிலும் பூசியிருப்பது வெள்ளியின் உப்பு. ஒளி பட்ட உப்பை ஒரு நீர்மம் வெள்ளியாகவே மாற்றுகிறது. ஒளி படாத உப்பை மற்றொரு நீர்மம் கரைத்து அகற்றுகிறது. எஞ்சி நிற்கும் வெள்ளித் துகள்களே படம். துகள் மிக நுண்ணியதாதலின் வெண்மையாய் ஒளிராமல் கருமையாய்த் தோன்றுகிறது.

ஐப்பசியில், ஓரடிச் சதுரமாகப் பெரிதாக்கிய இரண்டு படிகளோடு தமையனார் இல்லம் சென்றேன். முதற்படியில் அவர் முகம் தெளிவாக இருந்தது. கைகள் இரண்டும் புகைபோல் கலைந்திருந்தன. நாடாவைக் காணவே இல்லை. குறைபாடென்று கூறுவாரோ என அஞ்சினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். ‘கை ஓடுகிறதே, சரியாகத்தான் இருக்கிறது’ என்றார். வெள்ளியின் செய்தியைக் கூறினேன். பட்டிழையின்மேல் வெள்ளியிழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதே சரிகை என்பதை அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ‘அப்படியானால் இதுவும் சரிகை வேலைதான்’ என்று அண்ணியாரைப் பார்த்துச் சொன்னார்.

இரண்டாம் படியை எடுத்தார். அரக்கு உடலும் பச்சைக் கரையும் கொண்ட சேலை அது. கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாக வந்திருந்தன. ‘எது உடல், எது கரை?’ என்று கேட்டுக்கொண்டே படியைக் கண்ணருகே கொண்டுசென்றார், விலக்கினார், மீண்டும் அருகே கொணர்ந்தார். கருவியோடு வந்த உருப்பெருக்குக் கண்ணாடி என் பையில் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். சரிகை வரிசையைப் பற்றிக்கொண்டு கோர்வையின் ஓரமாக மெல்ல நகர்த்திச் சென்றவர் ஓரிடத்தில் நின்றார். அவர் முகம் மாறியது. கண்ணாடியை அண்ணியாரிடம் நீட்டினார். அவரும் பார்த்தார். பின்னர் நானும் பார்த்தேன். உடலும் கரையும் கூடும் கோட்டில், நகக்கண் அளவில் ஒரு கரிய கீற்று இருந்தது. மூன்று இழைகள் ஒன்றையொன்று பற்றாமல் விட்டிருந்தன.

எங்கள் வீட்டுத் தறியில் ஒரு பாவில் மூன்று சேலைகள்; மூன்றும் முடிந்த பின்னரே துணியை அறுப்பர். ஆதலின் அவ்விடம் உருளைமரத்தில் சுருண்டு உள்ளே இருந்தது. அப்போதே தறியைத் தளர்த்தி, பொட்டு வரிசைகளை எண்ணிக்கொண்டே துணியைப் பின்னோக்கி விரித்தார். படத்தில் கண்ட அதே இடத்தில் அதே பிளவு இருந்தது. ‘கோர்வைப் பக்கம் அமர்ந்தவள் நான், தவறு என்னுடையது’ என்றார் அண்ணியார். ‘பலகை இடித்தவன் நான், பார்க்க வேண்டியவனும் நான்’ என்றார் தமையனார். இருவரும் மற்றவரைக் காக்க முயன்று வழக்காடுவதை நான் வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படியை ஏன் பெரிதாக்கினேன் என்று என்னையே நொந்துகொண்டேன். அவர் தறிக்கு ஒரு சிறப்புச் செய்வதாக எண்ணியன்றோ அதனை எடுத்தேன்!

அண்ணியார் அதே நிறப் பட்டிழையை ஊசியில் கோத்தார். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. வாயிலருகே விளக்கைத் தாழ்த்திப் பிடித்தேன். ஒரு மணி நேரத்தில் பிளவு மறைந்தது. விரலால் தடவினாலும் தெரியவில்லை. தமையனார் அதுவரை ஒன்றும் பேசவில்லை. பின்னர், ‘சேலையைக் கொடுக்கும்போது சொல்லிவிட வேண்டும்’ என்றார். சற்றுப் பொறுத்து, என்னைப் பாராமலே, ‘மகனுக்குச் செய்தி அனுப்பு, தம்பி, கண் மருத்துவரிடம் என்றைக்குப் போகலாம் என்று கேள்’ என்றார். நான் எழுந்தபோது, ‘அந்தக் கண்ணாடியை இங்கேயே வைத்துவிட்டுப் போ’ என்றும் கூறினார். அது இப்போது தறியருகே ஓர் ஆணியில் நூலில் கட்டித் தொங்குகிறது.

சேலைகளைக் கூட்டுறவுச் சங்கத்தில் கொடுக்கச் சென்றபோது நானும் உடன் சென்றேன். குறையுண்டு என்று அவர் கூறியதும் அலுவலர் சேலையை விரித்துக் கோர்வை முழுவதையும் இருமுறை பார்த்தார், ஒன்றும் கண்டிலர். தமையனாரே அவர் விரலைப் பிடித்து அவ்விடத்தில் வைத்துக் காட்டினார்.

கார்த்திகையில் வலக்கண்ணுக்கு அறுவை மருத்துவம் நடந்தது. கட்டவிழ்த்த நான்காம் நாள் ஆளனுப்பி என்னை அழைத்தார். தறியில் அமரும் முன்னர், வீட்டின் ஓட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்து, ‘இவ்வளவு ஒட்டடையா!’ என்று அண்ணியாரைக் கேட்டுக்கொண்டிருந்தார். மருத்துவர் இசைவு தந்தபின் புதிய பாவில் ஒரு முழம் நெய்து, ‘அதே இடத்தில், அதே நெருக்கத்தில் இன்னொரு படம் எடு, நான் பார்க்க வேண்டும்’ என்றார். எடுத்திருக்கிறேன். ஆனால் அச்சுருளில் இன்னும் நான்கு படங்கள் எஞ்சியுள்ளன. அவை முடிந்தாலன்றிக் கழுவ இயலாது. வீணாக எடுத்துத் தள்ள எனக்கு மனமில்லை. அவரோ நாள்தோறும் மாலையில் என் பேரனை அனுப்பி, ‘நான்கும் முடிந்தனவா?’ என்று கேட்டுவரச் சொல்கிறார்.